கடல் காண ஒரு திட்டம்

"அந்தக் கடலும் நம்ம கடலும் ஒண்ணுதானாப்பா?" என்று அம்மா கேட்டார்.

துபாயில் பணிபுரியும் என் மகன், சென்ற புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கைப்பேசி வழியே தன் அப்பத்தாவுக்குப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தான். துருக்கி நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரம் அமைந்த அந்தாலியா என்னும் நகரின் படங்கள் அவை. மலைகள் நேரே கடலுக்குள் இறங்குகின்றன. பாறைச் சுவர்களுக்குக் கீழே பழைய துறைமுகம் ஒன்று வளைந்து கிடக்கிறது. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130இல் அந்நகருக்கு வந்ததைப் போற்றி எழுப்பிய மூன்று வளைவுகள் கொண்ட வாயில் இன்றும் நிற்கிறது. அடுத்த கோடை விடுமுறையில் அப்பத்தாவைத் துபாய்க்கு அழைத்து, அங்கிருந்து நான்கு நாள்கள் அந்தக் கரைக்குக் கூட்டிச் செல்வது என்பது அவன் திட்டம். விமானக் கட்டணம், விடுதி வாடகை எல்லாம் கணக்கிட்டு வைத்திருந்தான். "அப்பத்தாவுக்கு ஒரு கடல் காட்டுறதுன்னா உலகத்துலயே அழகான கடலைக் காட்டணும்ப்பா" என்றான். பேரனின் பாசத்தில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அத்திட்டத்தில் இரண்டு இடையூறுகள் இருந்தன. ஒன்று, எண்பதை நெருங்கும் அம்மாவிடம் கடவுச்சீட்டு இல்லை. முழங்கால் வலியோடு அத்தனை தொலைவு அமர்ந்து செல்லவும் இயலாது. மற்றொன்று அதனினும் பெரிது. ஆவணி மாதத்தில் அம்மாவை மதுரையில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டியிருந்தேன். கண்ணுக்குள் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய் அவருக்கு முற்றியிருப்பதாக அவர் சொன்னார். இந்நோயில் முதலில் பக்கப் பார்வை போகும்; பிறகு குழல் ஒன்றின் வழியே பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சும். இழந்த பார்வை மீளாது. இருப்பதைக் காக்கவே சொட்டு மருந்து. "அம்மா எதையாவது பார்க்கணும்னு ஆசைப்பட்டா, வருசக்கணக்கில் தள்ளிப்போடாதீங்க" என்று, நான் விடைபெறும் வேளையில், மேசை மீதிருந்த தாளைப் பார்த்தபடி கூறினார்.

அம்மா கடலையே பார்த்ததில்லை.

எங்கள் ஊரை அறியாதார்க்கு இது வியப்பாக இருக்கலாம். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், கரிசலும் செம்மண்ணும் கலந்த சமவெளியில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. தேவன்குறிச்சிக் கல்லுப்பட்டி என்பதன் சுருக்கமே முன்னெழுத்து. மேற்கே தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும். கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்தி, சோளம், வானம். சிறுவயதில் தேவன்குறிச்சி மலைப்பாறை மீது ஏறி நின்று, கிழக்கே அடிவானத்தில் தோன்றும் வெளிறிய கோட்டைக் கடல் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். அது வெறும் புழுதிப் படலம் என்பது பின்னாளில் புவியியல் பாடம் படித்தபோதுதான் விளங்கியது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை சென்று படித்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, தம் இறுதிக் காலத்தில் தங்குவதற்குத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தை. கடல் கடந்தவர் எங்கள் ஊரை நாடி வந்தார்; எங்கள் ஊரார் பலர் கடற்கரைக்கே போனதில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஓடைகள் குண்டாற்றில் சேர்கின்றன. குண்டாறு திருமங்கலம், திருச்சுழி, கமுதி எனச் சுற்றி மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. வழிநெடுகக் கண்மாய்கள் அந்நீரை உண்டுவிடுவதால், அதிலும் பெரும்பகுதி கடலைக் காண்பதில்லை.

அம்மா ஒருமுறை கடல் காணப் புறப்பட இருந்தார். அந்தக் கதையை என் அப்பா உயிரோடிருந்தவரை எங்கள் வீட்டில் எவரும் உரக்கப் பேசியதில்லை.

1964ஆம் ஆண்டு ஆவணியில் அவர்களுக்குத் திருமணம். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். டிசம்பர் மாத அரையாண்டு விடுமுறையில் புது மனைவியை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அழைத்துச் செல்வதாக வாக்களித்து, ஒரு பழைய வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு எழுதியிருந்தார். மதுரையிலிருந்து இரயில், பாம்பன் பாலத்தை இரயிலிலேயே கடப்பது, தனுஷ்கோடியில் இலங்கைத் தலைமன்னாருக்குச் செல்லும் கப்பலைக் கரையில் நின்று பார்ப்பது. வழிக்குச் சோறு கொண்டு போகத் திருமங்கலம் சந்தையில் பித்தளைத் தூக்குச்சட்டி ஒன்றும் வாங்கினார்கள். டிசம்பர் 25ஆம் நாள் புறப்படுவதாக ஏற்பாடு. 22ஆம் நாள் நள்ளிரவில் புயலும் பேரலையும் தனுஷ்கோடியை விழுங்கின. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் இரயில், பயணிகளோடு அலைக்குள் போயிற்று. செய்தித்தாளைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்த அப்பா, மூன்று நாள்கள் சரியாகப் பேசவில்லையாம். பாம்பன் பாலத்தை 46 நாள்களில் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் இரயில் திரும்பவேயில்லை. "அஞ்சு நாளைக்கு முன்னால லீவு விட்டிருந்தா நாம இல்லை" என்று அப்பா ஒருமுறை மட்டும் சொன்னதாக அம்மா சொல்வார். அவர் 1991இல் காலமானார். தூக்குச்சட்டி பால் வாங்கும் பாத்திரமாகிவிட்டது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். 1984 முதல் 1987 வரை இக்கல்லூரித் தமிழ்த்துறையில் படித்தவன் நான். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். ஐந்திணை பற்றிய பாடம் வரும்போதெல்லாம், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும், அதன் உரிப்பொருள் இரங்கல் என்றும், எற்பாடு அதன் சிறுபொழுது என்றும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாணவர்களைச் சுற்றுலா என்று கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் இராமேசுவரத்துக்கும் அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "அம்மா, வர்றீங்களா?" என்று கேட்பேன். "நீ போயிட்டு வா, வீட்டை யாரு பார்க்குறது?" என்பார். அந்த விடையை நான் மறுமுறை கேளாமல் ஏற்றுக்கொண்டேன். அது அச்சத்தால் வந்த விடையா, அப்பாவோடு போக வேண்டியதை வேறெவரோடும் போக விரும்பாத மனத்தால் வந்த விடையா என்று ஆராய எனக்கு நேரம் இருந்ததில்லை. உண்மையில் அவர் வராதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அந்தாலியாவின் படத்தைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி ஆகவே என்னை உலுக்கியது. அறுபதாண்டுகளில் அவர் வாயிலிருந்து கடல் பற்றி வந்த முதற்கேள்வி அது. "ஒண்ணு இல்லம்மா, ரெண்டுக்கும் நடுவுல நிலம் இருக்கு" என்று அப்போதைக்குச் சொன்னேன். பிறகுதான், என் விடை முழுமையானதன்று எனத் தோன்றியது.

மத்தியதரைக் கடலுக்கும் நம் கடலுக்கும் இடையே நேர்வழி ஏற்பட்டது 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகே. ஆனால் அதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகள் முன்பே அக்கடலோர மக்கள் நம் கரைக்கு வரத் திட்டமிட்டுப் பயணம் செய்தார்கள். உரோம அறிஞர் பிளினி தம் நூலில் அந்தப் பயண அட்டவணையை நம் சுற்றுலா நிறுவனத்தார் அச்சிட்டுத் தரும் துண்டுத்தாளைப் போலவே எழுதி வைத்திருக்கிறார். மத்தியதரைக் கடற்கரையிலுள்ள அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் ஆற்றின் வழியே கொப்தோஸ் நகர் வரை 12 நாள். அங்கிருந்து பாலைவனத்தில் ஒட்டகங்களின் மீது செங்கடல் துறைமுகமாகிய பெரெனிகே வரை 12 நாள். வெயிலின் கொடுமையால் இரவில்தான் நடை, பகலில் கிணற்றடிகளில் தங்கல். அங்கிருந்து செங்கடலின் வாய்வரை ஏறத்தாழ 30 நாள். பிறகு தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து முசிறி வரை 40 நாள். கோடை நடுவில் புறப்பட்டு, டிசம்பர் வாக்கில் திரும்புகாற்றில் ஏறிவிட வேண்டும். காற்றுக்குத் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அந்தப் பகுதியிலேயே பிளினி நம் மதுரையையும் குறிப்பிடுகிறார். பாண்டியன் ஆளும் தலைநகர் மோதுரா, துறைமுகத்திலிருந்து வெகுதொலைவில், உள்நாட்டில் இருக்கிறது என்கிறார். உள்நாட்டில் இருப்பது என்பதற்கு அவர் இலத்தீனில் இட்ட சொல் 'மெதிதெர்ரானெயுஸ்' என்பதாகும். நிலத்தின் நடுவே அமைந்தது என்பது அதன் பொருள். நிலங்களுக்கு நடுவே கிடப்பதால் அக்கடலுக்குப் பிற்காலத்தார் அதே சொல்லைப் பெயராக்கினர். அதையே நாம் 'மத்தியதரை' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். பிளினியின் சொல்வழக்கின்படி, மத்தியதரையார் என்னும் பெயருக்கு மதுரைச் சமவெளியிலுள்ள நாங்களும் உரியவர்கள். இதை என் மகனிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் சிரித்தான். "அப்போ அப்பத்தா ஏற்கெனவே அங்கதான் இருக்காங்கன்னு சொல்றீங்க" என்றான்.

அவர்கள் வந்ததற்கு நம் மண்ணே சான்று. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, இராமநாதபுரத்துக்குக் கிழக்கே உள்ள அழகன்குளத்தில் 1986-87 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்துள்ளது. மத்தியதரைப் பகுதியிலிருந்து மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த ஆம்போரா என்னும் இருகைச் சாடிகளின் உடைசல்களும், உரோம நாணயங்களும் அங்கே கிடைத்தன. கப்பலொன்றின் உருவம் கீறப்பட்ட பானையோடும் கிடைத்தது. வந்தவர்கள் திரும்பும்போது கொண்டு சென்றவற்றுள் பாண்டிநாட்டு முத்து முதன்மையானது. நம்மூர் முத்துக்கும் மிளகுக்கும் மெல்லிய துணிக்கும் உரோம நாட்டுச் செல்வம் கரைகிறது என்று பிளினி வருந்தியதை வரலாற்று மாணவர் அறிவர். எங்கள் ஊரிலும் 1976-77இல் இதே துறை அகழாய்வு செய்தது. பள்ளம் தோண்டிப் பானையோட்டைத் தூரிகையால் துடைப்பவர்களைப் பத்து வயதுச் சிறுவர்களாகிய நாங்கள் வேடிக்கை பார்த்தோம். எங்களைப் பொறுத்தவரை அது பெரியவர்கள் விளையாடும் விளையாட்டு.

அந்தாலியாவுக்கும் நம் கரைக்கும் இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. அது ஒரு மனிதரின் வழியாக வந்தது. மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலிலுள்ள தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1330களின் தொடக்கத்தில் கப்பலேறி அனத்தோலியாவின் தென்கரையில் இறங்கி அந்தாலியாவை அடைந்தார். அங்கே கந்தலாடை உடுத்த ஒருவர் வந்து அவரையும் உடனிருந்தோரையும் விருந்துக்கு அழைத்தாராம். இவ்வளவு ஏழைக்குச் செலவு வைக்கலாகாதே என்று இப்னு பதூதா தயங்க, உடனிருந்தவர் சிரித்து, "அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளர், இருநூறு தொழிலாளர் கொண்ட ஒரு சகோதரக் கூட்டத்துக்குத் தலைவர், பகலில் உழைத்து ஈட்டியதை இரவில் விருந்தினர்க்குச் செலவிடுவதே அவர்கள் வழக்கம்" என்று விளக்கினாராம். அன்றிரவு விளக்குகள் ஏற்றிய கூடத்தில் அவர்கள் அளித்த விருந்தை அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

அதே இப்னு பதூதா ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபுகள் அழைத்த நம் பாண்டிக் கரைக்கு வந்தார். கரையை நெருங்கும்போது கப்பல் உடைந்தது. உடன் வந்தோரை முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, மூழ்கும் கப்பலின் பின்புறத்திலேயே இரவு முழுவதும் இருந்தார். காலையில் அவ்வூர் மக்கள் படகில் வந்து அவரைக் கரையேற்றினர். அவர்கள் அவருடைய சமயத்தார் அல்லர். அவர் மொழியும் அறியார். மதுரையை அப்போது ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்கு மணவழி உறவினர். உறவென்றும் பாராமல் அச்சுல்தானின் கொடுஞ்செயல்களைக் கண்டித்து எழுதியது அவருடைய நேர்மைக்குச் சான்று. பின்னர் அவர் 'பத்தன்' என்னும் அழகிய துறைமுகத்தில் தங்கினார். கடலுக்குள் பெருந்தூண்கள் நாட்டி எழுப்பிய மரமண்டபத்தையும், கல்லால் கட்டிய பள்ளிவாசலையும், பழக்கிய சிங்கம் ஒன்றைத் தம்மோடு வைத்திருந்த பெரியவர் ஒருவரையும் அங்கே கண்டதாகக் கூறுகிறார். அந்தச் சிங்கம் மானொன்றோடு பகையின்றி வாழ்ந்ததாம்! கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினமே அந்தப் பத்தன் என்பது அறிஞர் சிலரின் கருத்து. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய ஆய்வில் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தது அக்கருத்துக்கு வலுவூட்டியது.

இவற்றையெல்லாம் படித்துச் சேர்த்த மகிழ்ச்சியில், நான் ஒரு பயணத் திட்டம் வரைந்தேன். அந்தாலியா வேண்டாம், அந்தாலியா கண்டவர் வந்த கரைக்கே அம்மாவை அழைத்துப் போவோம் என்பது என் எண்ணம். கோடுபோட்ட குறிப்பேட்டில் நான்கு பக்கம் நிரம்பியது. முதல்நாள் காலை அழகன்குளம், பகல் தேவிபட்டினம், மாலை மண்டபம், பாம்பன். பாம்பனில் 1914இல் திறந்த பழைய இரயில் பாலத்தையும், அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலத்தையும், 1988இல் அமைந்த சாலைப் பாலத்தின் மீது நின்று ஒருங்கே பார்க்கலாம். இரவு இராமேசுவரம். மறுநாள் விடியலில், 2017இல் போட்ட சாலை வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனை. பகல் பெரியபட்டினம், மாலை கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி காலத்துத் தொடர்புடைய கற்பள்ளிவாசல், பிறகு வாலிநோக்கம். இரண்டு நாள்களில் எட்டு இடங்கள். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

கீழக்கரையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். இக்கல்லூரி விடுதியில் மூன்றாண்டுகள் என் அறைத் தோழர். பெருநாள் விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதலை ஒரு தகர டப்பாவில் கொண்டு வருவார். அந்த இனிப்பு மலாய் நாட்டிலிருந்து கப்பல் வழியே அவ்வூருக்கு வந்தது என்பதையும் அவரே சொன்னார். "எங்க ஊருக்கு வா, வா" என்று முப்பத்தெட்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருக்கிறார். நானும் வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரைத் தொலைபேசியில் அழைத்து என் திட்டத்தைப் படித்துக் காட்டினேன். அவர் இடைமறிக்காமல் முழுவதும் கேட்டார்.

"அம்மா பானையோடு பார்க்கவா வர்றாங்க?" என்றார் பிறகு.

எனக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. அவர் தொடர்ந்தார்: "எட்டு எடத்துல ஏறி எறங்கினா அம்மாவுக்குக் கால்தான் வலிக்கும். இந்தத் திட்டத்துல அம்மா எங்க இருக்காங்க? எல்லாம் நீ படிச்சதுதான் இருக்கு. தனுஷ்கோடியையும் நீயா சேர்த்துட்டே. அவங்களைக் கேட்டியா?"

கேட்கவில்லை. அன்று மாலை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சென்று கேட்டேன். அவர் கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். "அங்க வேண்டாம்ப்பா. அங்க நான் உங்கப்பாவோட போறதா இருந்துச்சு" என்றார். பிறகு, "அல சத்தம் ரொம்பக் கேக்காத எடமா இருந்தா வர்றேன்" என்றார். அறுபது ஆண்டுகளாக வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வந்ததன் பொருள் அந்த ஒரு சொற்றொடரில் இருந்தது. நான் ஒருமுறை கூடுதலாகக் கேட்டிருந்தால் முப்பதாண்டுகளுக்கு முன்பே, இரண்டு கண்களும் நிறைவாக இருந்த காலத்திலேயே, அது வெளிப்பட்டிருக்கும்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் அரைமணி நேரம் கடலைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். தமிழாசிரியனாகிய நான் அறியாத நெய்தல் அது. பாம்பனுக்கு வடக்கே உள்ள பாக்கு நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அப்பகுதியார் வழங்குவர். ஆனால் எந்தக் கடலும் ஆண்டு முழுவதும் ஒரே குணத்தில் இருப்பதில்லை. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் வடகடலைக் கலக்கும். தை பிறந்து இரண்டு வாரம் கழிந்தால் மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது, தென்கடலும் தணிந்திருக்கும். இன்னொன்றும் சொன்னார். கீழக்கரைக்கு எதிரே கடலுக்குள் தீவுகள் வரிசையாக உள்ளன. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே எண்ணப்பட்ட 21 தீவுகளுள் ஏழு கீழக்கரைப் பகுதியைச் சேர்ந்தவை. அத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் அலையின் வேகத்தை முன்னரே வாங்கிக்கொள்வதால், கரைக்கு வருவது அலையின் மிச்சம்தான். பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விளைவாக அந்த 21இல் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன என்பதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகே எஞ்சியவற்றுக்குப் பாதுகாப்பு வந்தது.

"அம்மாவுக்கு நடுப்பார்வை மட்டும்தானே இருக்கு? உச்சி வெயில்ல கடல் மினுங்கும், ஒண்ணும் தெரியாது. காலையில ஆறரைக்கெல்லாம் கூட்டிட்டு வந்துரு. தை மாசத்துச் சூரியன் எங்க ஊர்ல கடல் மேலேயே எழும்பும். படகுத்துறையில நாற்காலி போட்டு உட்கார வைப்போம். மணல்ல நடக்க வேண்டாம். முதல்நாள் ராத்திரி வீட்டுக்கு வந்துருங்க. விடுதி கிடுதின்னு பேசுனே, பிறகு என்கிட்டப் பேசாதே" என்றார்.

இப்படியாக எட்டு இடங்கள் ஓரிடமாயின. விருதுநகர், அருப்புக்கோட்டை, கமுதி, முதுகுளத்தூர் வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, இரண்டிடத்தில் நின்று இளைப்பாறி, மாலைக்குள் கீழக்கரை. மறுநாள் காலை ஒரு மணி நேரம் கடல். பிறகு திரும்பல். நான்கு பக்கத் திட்டம் ஆறு வரிக்குள் அடங்கிவிட்டது. அழகன்குளமும் பெரியபட்டினமும் எங்கும் போய்விடப் போவதில்லை. அங்கே நான் தனியாகச் சென்று கொள்ளலாம். மாணவச் செல்வங்கள் எவரேனும் உடன் வருவதாயின் மகிழ்வேன். கால்சட்டைப் பையில் பானையோடு எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

மகனிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். அவன் வருந்துவான் என எண்ணினேன். மருத்துவர் கூறியதை அதுவரை அவனுக்கு முழுமையாக நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லி முடித்ததும் சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. "அந்தாலியா ரெண்டாயிரம் வருசமா அங்கதாம்ப்பா இருக்கு, இன்னும் இருக்கும்" என்றான். தை மாதத்தில் ஐந்து நாள் விடுப்புக் கேட்டு எழுதியிருப்பதாக மறுநாள் செய்தி வந்தது. விடுப்புக் கிடைத்துவிட்டது. வண்டியை அவனே ஓட்டுகிறானாம். படகுத்துறையில் போட நாற்காலி எத்தனை வேண்டும் என்று கீழக்கரை நண்பர் இருமுறை கேட்டுவிட்டார். அவருடைய தாயாரும் உடன் அமர விரும்புகிறாராம். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மையார், முழங்கால் வலியால் நான்காண்டுகளாகக் கடற்கரைப் பக்கம் வந்ததில்லை என்று அறிந்தேன்.

அம்மாவின் கேள்விக்கு உரிய விடையை நான் சென்ற வாரந்தான் கூறினேன். அந்தக் கடலோரத்து மக்கள் ஆற்றிலும் பாலையிலும் கடலிலுமாக மூன்று மாதங்களுக்கு மேல் பயணப்பட்டு இந்தக் கடலுக்கு வந்தார்கள் என்றும், அந்த ஊரில் விருந்துண்ட ஒருவரை நம் கரையில் படகில் வந்து காப்பாற்றினார்கள் என்றும் சொன்னேன். பிளினியின் பெயரையும் ஆண்டுகளையும் விட்டுவிட்டேன். அம்மா ஆர்வமாகக் கேட்டார். "மூணு மாசமா? சோத்துக்கு என்ன பண்ணுனாங்க?" என்று வினவினார். என் ஆராய்ச்சியில் அதற்கு விடை இல்லை.

நேற்றுக் காலை கொல்லைப்புறத்தில் அம்மா அமர்ந்து, புளியும் சாம்பலும் இட்டு, அந்தப் பித்தளைத் தூக்குச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. கடல்நீர் எடுத்து வருவதற்கா என்று கேட்டேன். விரலால் தடவித் தடவி அழுக்கு இருக்குமிடத்தைக் கண்டுகொண்டே, "உப்புத் தண்ணியைக் கொண்டாந்து என்னப்பா செய்யிறது? கட்டுச்சோறு வைக்கத்தான் உங்கப்பா இதை வாங்குனாரு" என்றார். கீழக்கரையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். ஏழு பேர் என்றேன். அப்படியானால் புளியோதரைக்கு அரிசி ஒன்றரைப் படி வேண்டும் என்று என் மனைவியை அழைத்துச் சொன்னார்.